கால்விரலில் ஒரு கயிறு

மகள் பிறந்து ஐந்தரை மாதமான ஒரு திங்கட்கிழமை காலையில் நான் வேலைக்குத் திரும்பினேன். மேடவாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் வாசலில் கேப் வந்து நின்றது. அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து கையாட்டினாள். "ஆபீஸுக்குப் போயிட்டு வா, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்று கிளம்பும்போது சொல்லியிருந்தாள். கேப் சோழிங்கநல்லூர் சாலையில் திரும்பும் வரை அழாமல் இருந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

அம்மா சொன்ன அந்த "ஆபீஸ்" அன்று முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் கோவில்பட்டி. அங்கே ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள். மழை பொய்த்துப்போகும் கரிசல் காட்டில் பெண்கள் கையில் நாலு காசு பார்த்தது அந்த ஆபீஸ்களால்தான். அம்மாவும் ஆபீஸுக்குப் போனவள்தான். கட்டை அடுக்கியிருக்கிறாள். அதாவது, மருந்தில் முக்குவதற்காகத் தீக்குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக நிறுத்தி வைக்கும் வேலை. சம்பளம் நாள் கணக்கில் இல்லை, கட்டைக் கணக்கில். அடுக்கினால் காசு, அடுக்காவிட்டால் இல்லை.

1990-ல் நான் பிறந்தபோது அம்மாவுக்குப் பிரசவ விடுப்பு என்று ஒன்று கிடையாது. மகப்பேறு நலச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. பெண்களுக்கு 12 வாரச் சம்பளம் தர வேண்டும் என்று அதில் இருந்தது. ஆனால் அம்மாவின் கைக்கு அந்தச் சட்டம் வந்து சேரவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. நாற்பதாம் நாள் கழிந்ததும் ஆபீஸிலிருந்து பெட்டி ஒட்டும் சாமானை வீட்டுக்கு வாங்கிவந்து உட்கார்ந்துவிட்டாள். மைதாப் பசை ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம். உத்தரத்தில் சேலைத் தொட்டில், அதற்குள் நான். தொட்டிலில் கட்டிய கயிற்றின் மறுநுனியைத் தன் கால்விரலில் சுற்றிக்கொண்டு ஆட்டிக்கொண்டே ஒட்டுவாளாம். ஒரு குரோஸ் என்பது 144 பெட்டி. "நீ முழிக்கறதுக்குள்ள அந்தக் குரோஸ முடிச்சிரணும்னு ஓட்டமா ஓட்டுவேன்" என்பாள்.

எனக்குக் கிடைத்தது வேறு காலம். 2017-ல் சட்டம் திருத்தப்பட்டு விடுப்பு 26 வாரமானது, முழுச் சம்பளத்தோடு. கணக்குப் போட்டால் அரை வருடம். ஆனால் கடைசி மாதத்தில் எனக்கு ரத்த அழுத்தம் ஏறியதால் பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்பே விடுப்பில் போக வேண்டிவந்தது. மிச்சம் 24 வாரம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை, எங்கள் டாக்டர் சொன்னதும் அதுவே. சட்டத்துக்கும் டாக்டருக்கும் நடுவே இரண்டு வாரம் விழுந்துகிடந்தது. ஆறு மாதம் ஆகாத பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் தாயின் மார்பில் அந்த இரண்டு வாரம் என்னவாக இருக்கும் என்று, கணக்குப் போட்டவர்கள் யோசித்திருப்பார்களா என்று தெரியவில்லை. என் பள்ளித்தோழி அரசுப் பள்ளி ஆசிரியை. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021-லிருந்து 12 மாத விடுப்பு. அவள் மகன் நடக்க ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். எனக்கு அவள்மேல் பொறாமை இல்லை. எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லையே என்ற ஆற்றாமை உண்டு.

வேலைக்குத் திரும்புவதற்கு ஒரு மாதம் முன்பே பால் எடுத்துச் சேமிக்கத் தொடங்கினேன். அதற்கான பம்ப், சின்னச் சின்னப் பைகள், ஐஸ் பேக் வைத்த தோள்பை எல்லாம் வந்திறங்கின. அம்மா திகைத்துப்போய்ப் பார்த்தாள். "ஏட்டி, தாய்ப்பால ஐஸ்பெட்டிக்குள்ள வைப்பாகளா? ஆகுமா பிள்ளைக்கு?"

உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஃப்ரிட்ஜில் நான்கு நாள் தாங்கும், ஃப்ரீசரில் மாதக்கணக்கில் தாங்கும். வெளியே 25 டிகிரிக்குள் இருந்தால் நான்கு மணி நேரம். சென்னை வெயிலில் அந்தக் கணக்கு செல்லாது, எடுத்த உடனே உள்ளே வைத்துவிட வேண்டும். அடுப்பில் சுடவைக்கக் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில் பையை வைத்து எடுக்க வேண்டும். கொழுப்பு தனியே பிரிந்து மேலே நிற்கும், கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, மெல்லச் சுழற்றினால் சேர்ந்துவிடும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அம்மா. ஒவ்வொரு பையிலும் தேதியைத் தானே எழுதி, பழையதை முன்னால் புதியதைப் பின்னால் என்று ஃப்ரீசரில் அடுக்கினாள். கட்டை அடுக்கிய கை. ஒரு பைகூட வீணாகவில்லை.

பாட்டிலை மகள் தொடவே மாட்டேன் என்றாள். மூன்று விதமான ரப்பர் மாற்றிப் பார்த்தோம். நாக்கால் வெளியே தள்ளிவிட்டு என்னைத் தேடி அழுவாள். வேலைக்குப் போக நான்கே நாள் இருந்தது. அம்மா பேசாமல் தன் பையிலிருந்து ஒரு பாலாடையை எடுத்தாள். எனக்குப் புகட்டிய அதே வெள்ளிப் பாலாடை, மூக்கு ஓரத்தில் சின்னதாக நசுங்கியிருந்தது. கொதிக்கவைத்து எடுத்து, பிள்ளையை மடியில் சற்று நிமிர்த்திச் சாய்த்து, உதட்டோரத்தில் வைத்துத் துளித்துளியாகச் சாய்த்தாள். மகள் சப்புக்கொட்டிக் குடித்தாள். நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

அலுவலகத்தில் பால் எடுக்கத் தனி அறை இல்லை. முதலுதவி அறையைப் பயன்படுத்தலாம் என்றார்கள், சாவி செக்யூரிட்டியிடம். ஒவ்வொரு முறையும் போய்ச் சாவி கேட்க வேண்டும். எதற்கு என்று அந்த அண்ணன் ஒருநாளும் கேட்கவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து என்னைப் பார்த்ததுமே சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த நாகரிகத்துக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவள். ஆனால் கூட்டம் நடுவில் எழுந்து போனபோது, "மறுபடியுமா?" என்று ஒரு குரல் எழுந்ததும் நடந்தது. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வுக்கு மேல் தினமும் இரண்டு இடைவேளை தாய்க்கு உண்டு என்று சட்டமே சொல்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது. மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு எழுந்து போய்க்கொண்டிருந்தேன். தெரிந்திருந்தால் நிமிர்ந்து போயிருப்பேன். இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் வாரம் ஒரு தடவைக்கு 120 மில்லி வந்தது. மூன்றாவது வாரம் 60. படபடப்பாக இருந்தால் பால் இறங்காது, பால் இறங்கவில்லையே என்று படபடப்பு இன்னும் கூடும். மகளின் வீடியோவைப் பார்த்துக்கொண்டு எடுத்தால் வரும் என்று யாரோ சொன்னார்கள். அம்மா பிள்ளையைக் குளிப்பாட்டும்போது எடுத்த வீடியோ ஒன்று இருந்தது. கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்து, அதன்மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பாள். பின்னால் தண்ணீர் விழும் சத்தம். அதைப் பார்த்தால் உடம்பு தானாக இளகும். அம்மாவுக்கு இதைச் சொன்னதும் அவள் உளுந்தையும் கருப்பட்டியையும் எடுத்துவிட்டாள். காலையில் உளுந்தங்களி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய். மத்தியானத்துக்குப் பூண்டுக் குழம்பு. வாரத்துக்கு ஒரு முறை கணவர் பால்சுறா வாங்கிவர, புட்டு. உணவா, இரவில் மகளை அதிக நேரம் அணைத்துப் பாலூட்டியதா, எது உதவியது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பால் கூடியது.

எங்களுக்குள் சண்டையும் இருந்தது. பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால் உரைமருந்து கொடுக்க வேண்டும் என்பாள் அம்மா. மாசிக்காய், வசம்பு, கடுக்காய், சுக்கு எல்லாம் ஒரு டப்பாவில், கூடவே உரைகல். நான் வேண்டாம் என்பேன். குளித்ததும் சாம்பிராணிப் புகை காட்டுவாள், மூச்சுக்கு ஆகாது என்று நான் தட்டை நகர்த்துவேன். ஒருநாள், "உனக்கு எல்லாம் குடுத்துத்தான வளத்தேன், நீ என்ன செத்தா போயிட்ட?" என்று கேட்டாள். நான் பதிலுக்கு, "இது உன் பிள்ளை இல்லம்மா" என்றுவிட்டேன். அந்த வார்த்தையை எப்படியாவது திரும்ப எடுத்துக்கொள்ள முடியாதா என்று இன்றும் தோன்றுகிறது. அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை உரைகல் அவள் பைக்குள் போயிருந்தது. அதன்பிறகு மருந்து விஷயத்தில் டாக்டர் சொன்னதை என்னைவிடக் கறாராக அவள்தான் கடைப்பிடித்தாள்.

தொட்டில் விஷயத்தில் நான் தோற்றேன், சந்தோஷமாகத் தோற்றேன். அடுக்ககத்தில் உத்தரம் ஏது? வீட்டு உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, கூரையில் துளையிட்டு ஒரு இரும்புக் கொக்கி மாட்டினோம். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை. முதல் நாள் போட்டதும் மகள் இரண்டரை மணி நேரம் தூங்கினாள். அதற்கு முன் பகலில் அவள் முக்கால் மணி நேரம் தாண்டியதில்லை. அன்று மாலை வீடு திரும்பியபோது அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கால்விரலில் கயிறு. கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. முப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கால் மறக்கவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் நானும் அதைப் பழகிக்கொண்டேன். மேலே மடிக்கணினியில் கூட்டம் நடக்கும், கீழே கால்விரலில் கயிறு.

அந்த மாதங்களின் சந்தோஷத்தை எழுதாமல் போனால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். மாலையில் லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் உள்ளே மகள் துள்ளுவது வாசலில் நிற்கும் எனக்குக் கேட்கும். கை கால் கழுவிவிட்டு அவளை எடுத்ததும் இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்து, நான்தானா என்று பார்ப்பதுபோல் ஒரு நிமிடம் உற்றுப்பார்ப்பாள். பிறகுதான் சிரிப்பு. பிறகுதான் பால். பாதி குடித்துக்கொண்டிருக்கும்போது விட்டுவிட்டு ஏறிட்டுப் பார்த்து ஏதோ சொல்வாள், அன்றைய கதை முழுவதையும். ஆறாவது மாதம் கழுகுமலை முருகன் கோயிலில் சோறூட்டினோம். அப்பா மடியில் வைத்துக்கொண்டு விரல்நுனியில் எடுத்த பருக்கையை ஊட்ட, முகத்தைச் சுளித்து, யோசித்து, பிறகு வாயைத் திறந்தாள். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்பா. அவரைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் எழுதாமல் நகர்ந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அம்மா சென்னைக்கு வந்ததிலிருந்து அப்பா கோவில்பட்டியில் தனியாக இருந்தார். சின்ன மளிகைக்கடை, மூட முடியாது. "ஆம்பளை நான், பாத்துக்க மாட்டனா?" என்றார். அம்மாவோ, காலையில் நானும் கணவரும் கிளம்பிய பிறகு மூன்றாவது மாடியில் பிள்ளையோடு தனியாக இருந்தாள். ஊரில் தெருவில் இறங்கினால் பத்துப்பேர் பேசக் கிடைப்பார்கள். இங்கே எதிர்வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். வயது அறுபதைத் தாண்டி, முழங்கால் வலியோடு மறுபடியும் ஒரு கைக்குழந்தை. என் வேலைக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வரும். அவள் வேலைக்கு? கேட்டபோது, "பேத்திக்குப் பாக்கறதுக்குக் கூலி கேப்பாகளா?" என்று கோபப்பட்டாள். அந்தக் கோபத்தில் பொய் இல்லை. ஆனால் என் 26 வாரத்துக்குப் பிறகான காலத்தைத் தாங்கியது சட்டமோ அலுவலகமோ இல்லை. 1990-ல் ஒரு நாள்கூட விடுப்புக் கிடைக்காத ஒருத்தி மறுபடியும் வந்து தாங்கினாள்.

தினமும் இரவு எட்டு மணிக்கு அப்பாவோடு வீடியோ பேசுவோம். சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், பிள்ளையைக் காட்டு. அவ்வளவுதான் பேச்சு. மகளுக்கு எட்டு மாதம் இருக்கும். ஒருநாள் பேசி முடித்ததும் அம்மா தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா?"

"உங்கப்பா காலண்டர் கிழிக்கல."

எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் பின்னால் சுவரில் தினசரி காலண்டர் தொங்கும். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைக் கிழித்து, ராகுகாலம் பார்த்துவிட்டுத்தான் கடை திறப்பார். நாற்பது வருடப் பழக்கம். அன்று அதில் மூன்று நாள் பழைய தேதி இருந்திருக்கிறது. நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், அம்மா சுவரைப் பார்த்திருக்கிறாள். பக்கத்து வீட்டு அத்தைக்குப் போன் போட்டாள். மூன்று நாளாகக் கடை திறக்கவில்லை, எழுந்தால் தலைசுற்றல். ஹோட்டல் பரோட்டாவும் நேரம் தவறிய மாத்திரையுமாக இருந்ததில் சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது. எங்களிடம் சொல்லக் கூடாது என்று அத்தையிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம்.

அன்றிரவு அம்மா மகளைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "ரெண்டு பக்கமும் பிள்ளையா இருக்கு. நான் எங்கன இருக்க?"

கணவரும் நானும் விடியும் வரை பேசினோம். பேசினோம் என்பதைவிட, முதல் இரண்டு மணி நேரம் நான் அழுதேன், கத்தினேன். அவர் நல்லவர். சொன்னால் எதையும் செய்வார். அந்த "சொன்னால்"தான் என்னை எரித்தது. டயப்பர் தீரப்போகிறது, ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசி வருகிறது, ஃப்ரீசரில் ஏழு பைதான் மிச்சம், மாமியாரின் பிறந்தநாள், அம்மாவின் முழங்கால் தைலம். இதெல்லாம் என் தலைக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நோட்டில் வீட்டின் எல்லா வேலைகளையும் எழுதினோம், நினைவில் வைத்திருக்க வேண்டியவற்றையும் வேலை என்றே கணக்கில் எடுத்தோம். மூன்று பக்கம் வந்தது. அம்மா பெயருக்கு நேரே ஒன்றரைப் பக்கம், என் பெயருக்கு ஒரு பக்கத்துக்கு மேல். அவர் பெயருக்கு ஆறு வரி. வெகுநேரம் அந்த ஆறு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வந்த ஒரு புள்ளிவிவரம் எங்கள் நோட்டைப் போலவே இருந்தது. மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஆண் 88 நிமிடம். பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது, அது தனி.

அம்மா அந்த வாரமே நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போனாள். எழும்பூரில் ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பாலாடையை என் கையில் திணித்தாள். "மாப்பிள்ளைக்குப் பழக்கி விட்டிருக்கேன்" என்றாள். எனக்குத் தெரியாமல் எப்போது பழக்கினாளோ.

கணவர் நான்கு மாதம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்தார். மத்திய அரசு ஊழியர் என்றால் அப்பாவான ஆணுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் வேலையில் இருக்கும் ஆணுக்குத் தரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவர் அலுவலகத்தில் முதலில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றே நினைத்தார்களாம். பணம் இறுகியது. சேமிப்பு கரைந்தது, நகை ஒன்று அடகுக்குப் போனது. எல்லாரும் செய்யக்கூடிய காரியம் இல்லை இது. எங்களால் முடிந்தது, செய்தோம். முதல் வாரம் மாலையில் வந்து பார்த்தால் வீடு புயலடித்ததுபோல் இருக்கும், எடுத்து வைக்கக் கை பரபரக்கும், அடக்கிக்கொள்வேன். மூன்றாவது வாரம் ஒருநாள் கதவைத் திறந்தபோது அவர் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கயிறு அவர் கால்விரலில்.

மகளுக்கு ஒரு வயது ஆனதும் பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விட்டோம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்பதும் அதே 2017 திருத்தத்தில் வந்ததுதான். என் அலுவலகம் கைகாட்டிய காப்பகம் முக்கால் மணி நேரப் பயணத்தில் இருந்தது. நான்கு முறை எங்கே போவது?

எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் துலக்க வரும் அக்காவுக்கும் அதே வருடம்தான் பையன் பிறந்தான். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய், அதில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்தி. அந்தக் காசு தனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று நன்றியோடு சொல்வார். ஆனால் மூன்றாவது மாதமே வேலைக்கு வந்துவிட்டார். பல வீடுகளில் துலக்கும் பெண்ணுக்கு விடுப்புத் தர வேண்டியவர் யார்? நாங்கள்தான் என்று எங்களுக்கு உறைக்க நாளானது. பிறகு இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்தபோது, "வேல செய்யாததுக்கு எதுக்கும்மா?" என்று தயங்கினார். அம்மா கேட்ட கேள்வியின் சாயல் அதில் இருந்தது.

மகளுக்கு இப்போது இரண்டரை வயது. தொட்டிலை மறந்துவிட்டாள், கொக்கி மட்டும் கூரையில் இருக்கிறது. கழற்ற மனம் வரவில்லை. இரவு எட்டு மணிப் பேச்சு நிற்கவில்லை. திரையில் வீடு தெரிந்ததும் என் கண் முதலில் அப்பாவின் தலைக்குப் பின்னால் போகும்.

இந்தப் பொங்கலுக்கு முந்தைய வாரம் அப்படிப் பார்த்தபோது தேதி நான்கு நாள் பழையதாக இருந்தது. வயிற்றில் ஏதோ கவ்வியது. போனை வைத்ததும் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டேன். "அம்மா, அப்பாக்கு என்ன? மறைக்காமச் சொல்லு. காலண்டர் கிழிக்கல."

அம்மா சிரித்தாள். "நல்லாத்தான் இருக்காக. போன தடவ வந்தப்ப உம் மக தாளு கிழிக்க ஆசைப்பட்டாள்ல? வெள்ளிக்கிழம வருவா, வந்து கிழிக்கட்டும்னு சேத்து வச்சிருக்காக."